பெருவிரலின் பதவி உயர்வு

எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவரை மட்டந்தட்டப் பெரிய வசவு எதுவும் தேவைப்பட்டதில்லை. ‘கைநாட்டு’ என்றால் போதும். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர், கடதாசியைத் தலைகீழாகப் பிடிப்பவர், சம்பளம் குறைந்தால் கேட்கத் தெரியாதவர் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுவார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட மாப்பிள்ளையின் குணங்களை அடுக்குவதற்கு முன்னால், ‘பையன் கையெழுத்துப் போடுவான்’ என்பதைச் சொல்லி வைப்பார்கள். குடிப்பானா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

இப்போது என் மகள் மாத்தளை நகரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்க்கிறாள். பேராதனையில் படித்துப் பட்டம் வாங்கியவள். மூன்று மொழியிலும் கடிதம் எழுதுவாள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூச்சிரைக்க ஓடி, அவள் செய்கிற முதல் காரியம் கைநாட்டு வைப்பது. சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு வெளிச்சம். அவளுக்கு முன்னால் கணக்காளர், பின்னால் பொறியியலாளர், இருவரும் பெருவிரலைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். படித்தவர்களை எல்லாம் கைநாட்டாக்கியதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறோம். இதைக் கேட்டுச் சிரிக்க எங்கள் லயத்துக் கிழவிகள் யாரும் உயிரோடு இல்லாததுதான் குறை.

நான் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராக நுழைந்து, பெரிய கிளாக்கராக வெளியே வந்தவன். அதற்கு முன்னால், அதே ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே, சம்பள நாட்களில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அதனால் மைப்பெட்டியை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கக் கொடுத்துவைத்தது.

ஜன்னலுக்கு உள்ளே துரை, அவர் பக்கத்தில் பெரிய கிளாக்கர் ஐயா, அவர் முன்னால் ஆட்களின் பேரும் சம்பளமும் எழுதிய செக்ரோல். வெளியே கங்காணி பெயர் கூப்பிடுவார். ஜன்னல் கட்டையில் ஊதா மை ஊறிய தகரப்பெட்டி திறந்திருக்கும். ஆள் வந்ததும் கிளாக்கர் ஐயா தானே அந்தப் பெருவிரலைப் பிடித்து, மையில் ஒற்றி, தாளில் உருட்டி விட்டுவிடுவார். விரலுக்குச் சொந்தக்காரர் தன் பங்குக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம் குனிவது மட்டும். பிறகு விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு, வேலிப் பக்கம் ஒதுங்கிக் காசை எண்ணுவார்கள்.

என் அம்மா லெட்சுமி கொழுந்து எடுத்தவள். நான் பள்ளிக்கூடத்தில் படித்து வந்ததைச் சாயங்காலம் அடுப்படியில் கேட்டுக் கேட்டு, தன் பெயரை மட்டும் எழுதப் பழகினாள். மற்ற எழுத்துக்கள் வேண்டாமாம், அவற்றால் தனக்கு என்ன பிரயோசனம் என்றாள். அடுத்து வந்த சம்பள நாளில் மைப்பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனையைக் கேட்டாள். கொம்பைச் சுழித்து முடிக்கவே நேரமாயிற்று. வரிசை முணுமுணுத்தது.

“ஏம்மா, விரல வச்சிட்டுப் போயேன். மத்தவங்க நிக்கிறாங்கல்ல” என்றார் கிளாக்கர் ஐயா.

அம்மா தலையைத் தூக்கவில்லை. “விரலு எல்லாருக்கும் ஒன்னு மாதிரித்தானுங்க இருக்கு. எழுத்துன்னாத்தான் அது நானு.”

அறிவியல்படி இது நேர் தலைகீழ். விரல்தான் ஆளுக்கு ஆள் வேறு; கையெழுத்தை எவனும் பார்த்துப் போடலாம். 1858-இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரிக்கு இந்தக் கவலைதான். வீதிக்குச் சல்லி கொண்டுவந்து கொட்ட ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுவிட்டு நாளைக்கு ‘இது என்னுடையதல்ல’ என்று ஆள் சாதித்துவிட்டால்? சர்க்கார் முத்திரைக்கென்று வைத்திருந்த எண்ணெய் மையை எடுத்து கோனாயின் உள்ளங்கையில் பூசி, ஒப்பந்தத்தின் பின்புறத்தில் கையை அப்படியே பதித்துவிட்டார். அன்றைக்கு அதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை, ஆளைப் பயமுறுத்துவதுதான் நோக்கம். ரேகை வயதானாலும் மாறாது என்பதெல்லாம் பிறகு ஆண்டுக்கணக்கில் சேகரித்துப் பார்த்து அவர் கண்டுகொண்டது.

இந்த ஹெர்ஷல் குடும்பத்தார் எங்கள் ஆபீசுக்குள் இரண்டு பக்கத்தால் நுழைந்திருந்தார்கள். அப்பா ஜான் ஹெர்ஷல், இரும்பு உப்புப் பூசிய தாளை வெயிலில் காட்டி நீலப்படம் எடுக்கும் வழியை 1842-இல் கண்டவர். எங்கள் ஆபீஸ் சுவரில் தொங்கிய தோட்டத்து வரைபடம் அந்த நீலத்தாளில்தான் இருந்தது: மலைகள், ஓடைகள், லயங்கள் எல்லாம் வெள்ளைக் கோடு. அப்பா சுவரில், மகன் ஜன்னல் கட்டையில். 1781-இல் யுரேனஸைக் கண்டுபிடித்த தாத்தா வில்லியம் ஹெர்ஷலுக்கு மட்டும் எங்களிடம் வேலையில்லை. நக்கிள்ஸ் மலை ஓரத்தில் இரவானால் நிலாவே மேகத்துக்குள்தான்.

விரலைப் பதிவது சுலபம். பதிந்ததை அடுக்கிவைத்து, வேண்டியபோது ஒன்றைத் தேடி எடுப்பதுதான் கந்தோர் வேலை. 1897-இல் கல்கத்தாவில் உலகத்தின் முதல் விரல் ரேகைப் பணியகம் தொடங்கியபோது, அந்த வேலையை முடித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அஸீஸுல் ஹக் என்ற சப் இன்ஸ்பெக்டர். கணிதம் படித்தவர். ரேகைகளின் சுழியையும் வளைவையும் வைத்து 32 வரிசை, 32 நிரல் என்று 1024 அறைகளாகப் பிரித்தார். கூடவே ஹேம் சந்திர போஸ் உழைத்தார். அந்த முறைக்கு உலகம் வைத்த பெயர் ‘ஹென்றி முறை’. எட்வர்ட் ஹென்றி அவர்களுக்கு மேலே இருந்த துரை. கணக்குப் போட்டவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். தோட்டத்து ஆபீசில் சம்பளம் வாங்கியவனுக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. நான் எழுதிய கடிதங்களைப் படித்துவிட்டு, துரையின் ஆங்கிலம் பிரமாதம் என்று கொழும்பில் சொல்வார்களாம்.

மை ஏன் ஊதா? அதற்கும் ஒரு கதை உண்டு, அதில் மலேரியா வருகிறது. 1856-இல் லண்டனில் 18 வயதுப் பையன் வில்லியம் பெர்க்கின், காய்ச்சலுக்கான கொய்னாவை நிலக்கரித் தாரிலிருந்து செய்யப் பார்த்தான். மருந்து வரவில்லை. குடுவையில் ஒட்டிய கறையைக் கழுவப் போனால் அழகான ஊதா வந்தது. செயற்கைச் சாயத் தொழிலே அங்கிருந்துதான் கிளம்பிற்று. பின்னால் வந்த ஊதாச் சாயங்களில் ஒன்று முத்திரை மைக்குள்ளும், எச்சில் தொட்டு எழுதும் பென்சிலுக்குள்ளும் போனது. (1869-இல் கோப்பி இலையில் நோய் விழுந்த பிறகு, இலங்கைத் துரைமார் கொய்னா மரத்தையே நட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் நட்டதில் விலை விழுந்து அதுவும் போயிற்று. மிஞ்சியது தேயிலை, தேயிலையோடு நாங்கள்.)

அந்தப் பென்சில் கணக்கப்பிள்ளையின் காதில் இருக்கும். விடியக்காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்பிவிட்டு, பொழுது சாயும்போது பேர் போடுவார். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்றுதான் கணக்கு, குறைந்தால் ‘அரைப்பேர்’. நாக்கைத் தொட்டுத் தொட்டு எழுதுவதால் அவர் நாக்கு ஊதாவாகிவிடும். ஊதாவாக இருந்தால் பேர் விழுந்துவிட்டது, சிவப்பாக இருந்தால் வெற்றிலைதான், பேர் இன்னும் பாக்கி. லயத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் செக்ரோலை இப்படிப் படித்துவிடுவார்கள்.

ஆனால் விரலை மட்டும் ஆபீஸ் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. பக்கத்தில் பெயர் வேண்டும், பெயர் ஆங்கிலத்தில் வேண்டும். இங்கேதான் எல்லாம் குழம்பியது. ஒரு செக்ரோலில் லெட்சுமி எல், ஈ, டீ, சீ, எச் என்று போவாள். கிளாக்கர் மாறினால் எல், ஏ, கே, எஸ், எச் என்று போவாள். இந்தியாவில் படித்துவிட்டு வந்த ஒருவர் கிளாக்கரானால் எக்ஸ்கூட வரும். 1958-இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. ஆயுள் முழுக்கச் சேர்ந்த காசை எடுக்கப் போகிற அன்றைக்கு, இந்த லெட்சுமிகள் எல்லோரும் ஒரே லெட்சுமிதான் என்று நிரூபிக்க வேண்டும். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி வாங்க வேண்டும். தான் தானேதான் என்று சத்தியம் செய்வது அத்தனை சுலபமல்ல, முத்திரைக்கும் காசு வேண்டும்.

ஒலியை வைத்துப் பெயர்களைச் சேர்க்க அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-இல் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ‘சவுண்டெக்ஸ்’ என்பார்கள். முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள், உயிரெழுத்துக்களைத் தள்ளு, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே இலக்கம் கொடு. சீ, கே, எஸ், எக்ஸ் எல்லாவற்றுக்கும் 2. டீ என்றால் 3. எம் என்றால் 5. ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய உண்டு என்பதால் அம்மாவை இதில் போட்டுப் பார்த்தேன். டீ, சீ, எச் போட்ட லெட்சுமிக்கு எல் 325 வருகிறது. கே, எஸ், எச் போட்ட லெட்சுமிக்கு எல் 250. எக்ஸ் போட்டவளுக்கும் 250. ஒலி அறிந்த அமெரிக்க முறைக்கும் என் அம்மா இரண்டு பேர். சேமலாப நிதிக் கந்தோரைத் தனியாகக் குறை சொல்ல முடியாது.

தமிழிலேயே எழுதிவிட்டால் தொல்லை தீருமா? தமிழுக்குத் தட்டச்சுப்பொறி வடிவமைத்தவர் எங்கள் நாட்டவர்தான்: யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. இத்தனை எழுத்தை ஓர் இயந்திரத்துக்குள் அடக்க அவர் கண்ட உபாயம் நகராத விசை. அந்த விசையைத் தட்டினால் புள்ளியோ விசிறியோ விழும், ஆனால் தாள் நகராது; அடுத்து அடிக்கும் எழுத்து அதோடு வந்து சேரும். ஆனால் அந்த இயந்திரம் எங்கள் ஆபீசுக்கு வரவில்லை. துரைக்குத் தமிழ்க் கடிதம் எழுத வேண்டிய தேவை வந்ததே இல்லை.

எங்களுக்குத் தமிழ் வந்தது கணினியோடு, பாமினி எழுத்துருவாக. பாமினி உண்மையில் தமிழே அல்ல, தமிழ் வேஷம் போட்ட ஆங்கிலம். திரையில் லெட்சுமி என்று அழகாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது என், வை, எல், அரைப்புள்ளி, ஆர், கே, பீ. பாமினி இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். நாங்கள் ஒருமுறை அனுப்பிய பெயர்ப்பட்டியலைத் திறந்து பார்த்த தலைமைக் கந்தோர்க்காரர் ஒருவர், “என்னங்க, இரகசியச் செய்தி ஏதும் அனுப்பியிருக்கீங்களா?” என்று தொலைபேசியில் கேட்டார். பிறகு யூனிகோடு வந்து பெயர்கள் கலையாமல் நின்றன. அதிலும் ஒரு வேடிக்கை. கையால் எழுதும்போது அம்மா கொம்பைப் போட்டுவிட்டுத்தான் ல எழுதுவாள். பாமினியிலும் கொம்பு முந்தும். யூனிகோடு உள்ளே ல-வை முதலில் வைத்து, கொம்பைப் பிறகு சேர்த்து, நமக்குக் காட்டும்போது மட்டும் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. பழைய கணக்கப்பிள்ளைமார் தாளில் போட்ட பற்றுக் குறியும் வரவுக் குறியும் ‘மேற்படி’க் குறியும்கூட 2003 முதல் அதில் இடம் பிடித்துவிட்டன. இன்றைக்கு எந்தக் கைத்தொலைபேசிக்குள்ளும் அவை இருக்கின்றன, தட்டி எடுக்கத்தான் ஆளில்லை.

பெயர் சரிவராது என்று தெரிந்ததும் அரசாங்கம் எண்ணுக்குப் போயிற்று. தோட்டத்து மக்கள் பலருக்கு அடையாள அட்டை கையில் வரவே காலம் பிடித்தது. 1948 சட்டம் பறித்த குடியுரிமையைத் திருப்பிக் கொடுக்கும் வேலை 2003 சட்டம் வரை இழுத்தது. அட்டை எண்ணைப் படிக்கத் தெரிந்தால் அது ஒரு சாதகக் குறிப்பு. முதலில் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 உண்டு என்று வைத்துத்தான் எண்ணுவார்கள். ஆகவே மார்ச் முதலாம் தேதிப் பிள்ளை எந்த ஆண்டு பிறந்தாலும் 61. சாதாரண ஆண்டுகளில் 60 என்ற எண்ணுக்குச் சொந்தக்காரரே கிடையாது. பெண்ணாக இருந்தால் நாளோடு 500 கூட்டிக்கொள்ள வேண்டும். ஜனவரி முதலாம் தேதி பிறந்த ஆண் 001, பெண் 501. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்றானது 1984-இல்தான். அதுவரை குறைத்தே கொடுத்த இடத்தில், பெண்களுக்கு ஒரேயடியாக 500 கூட்டிப் போட்டது அடையாள அட்டை ஒன்றுதான். செலவழிக்க முடியாது என்பதைத் தவிர அதில் ஒரு குறையுமில்லை.

கொழுந்துத் தராசைச் சொல்லாமல் விட்டால் அம்மா கோபிப்பாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொங்கிய வில்தராசு, எடைக்குத் தக்கபடி சுருள் நீளும் என்ற ராபர்ட் ஹூக்கின் விதியில் ஓடுவது. அந்த விதியை 1676-இல் ஹூக் யாருக்கும் புரியாதபடி எழுத்துக்களைக் கலைத்து அகரவரிசையில் அச்சிட்டு வைத்தார். விடையை வெளியிட்டது 1678-இல். அவர் கலைத்து மறைத்ததை எங்கள் மடுவத்தில் கழித்து மறைத்தார்கள். கூடைக்குக் கழிவு, மழை பெய்தால் தண்ணிக்குக் கழிவு, வெயிலடித்தால் வழக்கத்துக்குக் கழிவு. றாத்தல் போய்க் கிலோ வந்தது. முள் போய் இலக்கம் வந்தது. புதிய தராசு புள்ளிக்குப் பிறகும் இரண்டு தானம் துல்லியமாகக் காட்டும். அந்தத் துல்லியமான எண்ணிலிருந்துதான் பிறகு முழுக் கிலோவாகக் கழித்தார்கள்.

நான் ஓய்வு பெறும் காலத்தில் எங்கள் ஆபீசுக்கும் விரல் பெட்டி வந்தது. பூசை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, சுவரில் ஏற்றினார்கள். ஆபீஸ்காரர்கள், டீமேக்கர், கணக்கப்பிள்ளைமார் விரலை அது உடனே ஏற்றுக்கொண்டது. கொழுந்துக்காரிகள் வந்ததும் முரண்டு பிடித்தது. ஒருத்தி வைத்தால் ‘மீண்டும் முயற்சிக்கவும்’. துடைத்து வைத்தால், ஈரப்படுத்தி வைத்தால், மற்ற விரலை வைத்தால் அதே பதில். காரணம் லேசானதுதான். நாள் முழுக்க இளந்தண்டை ஒடிக்கிற விரல் நுனியில் ரேகையின் மேடு தேய்ந்துபோகும், மிச்சத்தில் வெடிப்பு ஓடும். அதற்கு மேல் கொழுந்துச் சாறு ஊறிக் கறுத்திருக்கும். ஸ்டோரில் பச்சைக் கொழுந்தைக் கறுப்புத் தேயிலையாக்குகிற அதே நொதி விரலிலும் தன் வேலையைச் செய்கிறது. கவ்வாத்துக் கத்தி கறுப்பது வேறு கணக்கு: இலைச்சாற்றின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு, பழைய காலத்து எழுத்து மை செய்த முறையும் கிட்டத்தட்ட அதுதான். ஆக ஆயுள் முழுக்க மையிலேயே கிடந்த விரல்களைத்தான் அந்தப் பெட்டி ‘ஆள் இல்லை’ என்று திருப்பி அனுப்பியது.

என்ன செய்வது என்று மேலே எழுதிக் கேட்டோம். பதில் வந்தது: விரல் பதியாதவர்கள் மட்டும் பக்கத்தில் ஒரு கொப்பியில் கையெழுத்திடவும். அன்றிலிருந்து எங்கள் ஆபீஸ் வாசலில் காலைக் காட்சி இதுதான். டிப்ளோமாக்காரர்கள் இடது பக்கம் கைநாட்டு வைத்தார்கள். கூடை சுமந்த பெண்கள் வலது பக்கம் பேனை பிடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். துரைக்கு இரண்டிலிருந்தும் விலக்கு. அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இருந்திருந்தால் கிளாக்கர் ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள், அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதுவதற்கில்லை.

மகளின் கந்தோரில் பெட்டிக்கு வேறு சோதனைகள். 2020-இல் கொரோனா வந்தது. ஒருவர் தொட்ட இடத்தை இன்னொருவர் தொடக்கூடாது என்று பெட்டியைத் துணி போட்டு மூடினார்கள். கையெழுத்துக் கொப்பி தூசி தட்டப்பட்டு மேசைக்கு வந்தது. 2022 மார்ச்சில் நாட்டில் டொலர் இல்லை, டொலர் இல்லாததால் கடதாசி இல்லை. மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். இவர்கள் கொப்பியும் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டது. சரி, பெட்டியின் துணியை எடுப்போம் என்று எடுத்தால், மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு.

“பிறகு எப்படித்தான் வரவு பதிஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“சேர் எங்களை முத்தத்தில வரிசையா நிக்க வச்சு எண்ணினாருப்பா. வேலையையும் அங்கேயே நின்னு பிரிச்சுக் குடுத்தாரு.”

“அதுக்குப் பெரட்டுன்னு பேரும்மா.”

“தெரியுமே” என்றாள். “பஸ் இல்லாம பிந்திப் போனேன், எனக்கு அரைப்பேர்தான்.”